அந்த வாய்ஸ் மெசேஜில் பாதி உண்மை

2024 மே மாதம் எந்தக் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் ஒரே பேச்சுதான். கோவிஷீல்டு கொரோனா தடுப்பூசி போட்டவர்களுக்கு ரத்தம் உறையுமாம், கம்பெனியே கோர்ட்டில் ஒத்துக்கொண்டுவிட்டதாம். எங்கள் குழுவுக்கு அது வாய்ஸ் மெசேஜாக வந்தது. "நான் ஒரு டாக்டர், பேரைச் சொன்னா வேலை போயிடும்" என்று ஆரம்பிக்கிறார். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, என்றைக்குப் பேசியது, எதுவும் கிடையாது. போட்டவர்கள் எல்லாரும் உடனே டி-டைமர் டெஸ்ட், அதாவது உடம்பில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்பதற்குத் துப்புத் தரும் ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும் என்கிறார், கடைசியில் "டெலிட் பண்றதுக்குள்ள எல்லாருக்கும் அனுப்புங்க". மெசேஜுக்கு மேலே அந்த இரட்டை அம்புக்குறி, அதாவது குறைந்தது ஐந்து கை மாறி வந்த சரக்கு.

பெயரில்லாத டாக்டர், தேதியில்லாத செய்தி, இந்த அவசரம், இவற்றை வைத்தே நிறையப் புரளிகளை அடையாளம் கண்டுவிடலாம், இதைப் பலரும் சொல்லியாகிவிட்டது. எனக்குக் கவலை தருவது வேறு. அந்த மெசேஜில் பாதி உண்மை. இந்தத் தடுப்பூசியை உருவாக்கிய ஆஸ்ட்ராஜெனெகா கம்பெனி பிரிட்டன் நீதிமன்றத்தில் கொடுத்த ஆவணத்தில், தங்கள் தடுப்பூசி மிக அரிதாக ரத்த உறைவையும் தட்டணு (பிளேட்லெட்) குறைவையும் உண்டாக்கலாம் என்று சொன்னது நிஜம். சீரம் இன்ஸ்டிடியூட் இங்கே தயாரித்த கோவிஷீல்டும் அதே தடுப்பூசிதான். ஆகவே, குழுவில் யாராவது "எல்லாம் பொய், படிக்காதவங்க பரப்புறது" என்று அடித்துப் பேசினால், அனுப்பியவர் அந்தக் கோர்ட் செய்தியை எடுத்துப் போடுவார், அதோடு நம் பேச்சுக்கு மதிப்பு போய்விடும்.

உண்மை எங்கே முடிந்து பொய் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கவிளைவு 2024இல் திடீரென்று வெளியே வந்ததில்லை, ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது. வந்தால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரும், மூன்று வருஷம் கழித்துப் பாய்ந்து வராது. ஐரோப்பாவிலேயே அது லட்சம் பேரில் ஓரிருவருக்குத்தான். இவ்வளவும் தெரியாமல் எங்கள் சித்தி பதறிப்போய் லேபுக்குப் போய் டி-டைமர் எடுத்துவிட்டு வந்தார். வயது கூடக் கூட அந்த அளவு இயல்பாகவே கொஞ்சம் ஏறும். ரிப்போர்ட்டில் அந்த எண் மட்டும் தடித்த எழுத்தில் இருந்ததைப் பார்த்து அவர் தூக்கமே கெட்டுப்போனது. இல்லாத நோய்க்குக் காசு செலவழித்து, பயத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். எனக்கு ஆத்திரம் சித்தி மேல் இல்லை, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் மேல்தான்.

நடிகர் விவேக் இறந்தபோதும் இதுதான் நடந்தது. 2021 ஏப்ரல் 15, ஓமந்தூரார் அரசு மருத்துவமனை. மக்கள் பயப்படாமல் முன்வர வேண்டும் என்பதற்காகவே எல்லாரும் பார்க்கக் கோவாக்சின் போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி அதிகாலை மாரடைப்பில் போய்விட்டார். இரண்டு தேதியும் உண்மை. ஊசி போட்ட பிறகு நடந்தது என்பதும் ஊசியால் நடந்தது என்பதும் வேறு வேறு, ஆனால் துக்கத்தில் இருக்கிற ஊருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுக்க அடைபட்டிருந்தது, தடுப்பூசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள். பக்கவிளைவுகளை ஆராயும் தேசியக் குழுவும் அக்டோபரில் அதையே சொன்னது. நடுவில் இரண்டாம் அலையே வந்து போயிருந்தது. ஆராய்ச்சிக்கு ஆறு மாதம் ஆகும், வாய்ஸ் மெசேஜுக்கு ஆறு நிமிஷம் போதும்.

உண்மையிலேயே தவறு நடந்த இடங்களும் உண்டு. சமோவா என்று பசிபிக் கடலில் ஒரு குட்டித் தீவு நாடு, ஏறத்தாழ 2 லட்சம் பேர். 2018 ஜூலையில் அங்கே தட்டம்மை தடுப்பூசி போட்ட இரண்டு குழந்தைகள் சில நிமிடங்களில் இறந்தன. தடுப்பூசி பொடியாக வரும், அதற்கென்று தரும் நீரில் கலக்க வேண்டும். நர்ஸுகள் தண்ணீருக்குப் பதிலாகத் அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தை எடுத்துக் கலந்துவிட்டார்கள். மன்னிக்க முடியாத தவறு, அவர்கள் ஜெயிலுக்கும் போனார்கள். ஆனால் காரணம் தெளிவாகும் முன்பே "தடுப்பூசி கொல்கிறது" என்ற பேச்சு தீவு முழுக்கப் பரவிவிட்டது, அரசும் பல மாதம் தட்டம்மை தடுப்பூசியை நிறுத்தி வைத்தது. ஊசி போட்ட குழந்தைகளின் விகிதம் 31 சதவீதத்துக்கு இறங்கியதாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அடுத்த வருஷமே தட்டம்மை வந்தது. 5,700 பேருக்கு மேல் பாதிப்பு, 83 பேர் சாவு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அந்த நேரத்திலும் பப்பாளி இலைச் சாறு போதும் என்று முகநூலில் எழுதியவர்கள் இருந்தார்கள். 2019 டிசம்பரில் அரசு அலுவலகங்களையே மூடிவிட்டு, ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, வீடு வீடாகப் போய்ப் போட்டார்கள்.

அந்த இரண்டு குழந்தைகளின் சாவை "வதந்தி" என்று யார் சொன்னாலும் அந்தத் தாய்மார் அதற்குப் பிறகு அவர் பேச்சைக் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கே தப்பு நடந்தது, இனி அது நடக்காமலிருக்க என்ன செய்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

அதனால் இப்போதெல்லாம் குழுவில் நான் சண்டைக்குப் போவதில்லை. பத்துப் பேர் முன்னால் திருத்தினால் யாருக்கும் ரோஷம்தான் வரும். தனியாகப் போன் போட்டு, "சித்தி, இதுல உங்களுக்கு எது பயமா இருக்கு?" என்று கேட்கிறேன். பதில் பெரும்பாலும் மெசேஜில் இருப்பதாக இருக்காது. போன மாதம் தம்பி மனைவி குழந்தைக்கு எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி வேண்டாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டால், ஃபார்வர்டு எல்லாம் இரண்டாம்பட்சம், போன ஊசிக்கு ராத்திரி முழுக்கக் காய்ச்சலில் குழந்தை அழுதது, தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்தது அவள்தான்.

அவளுக்குப் பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி சிலதைச் சொன்னேன். மருந்துக் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும், சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை என்று அர்த்தம். எப்போது கலந்தது என்று நர்ஸம்மாவிடம் கேள், கலந்து நாலு மணி நேரத்துக்குள் போட வேண்டும். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார். ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசான காய்ச்சலும் தடிப்பும் வரலாம், வந்தால் பதறாதே, தானே அடங்கும். காய்ச்சல் அதிகமானால் டாக்டரிடம் காட்டு. இதையெல்லாம் கேட்க உனக்கு உரிமை இருக்கிறது, யாராவது சலித்துக்கொண்டால் அரசின் மருத்துவ உதவி எண் 104க்குப் போன் போட்டுக் கேள் என்றேன். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். ராத்திரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பது இந்தத் தடவை தம்பியின் வேலை என்று அவனிடமும் பேசியாகிவிட்டது.