முந்திரியில் அசுவினி: தெளிப்பானைத் தூக்குமுன் எறும்பைப் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் நம் செம்மண் காட்டு முந்திரி புதுக்கொழுந்து விடும். தை, மாசியில் பூங்கொத்து. சாறு உறிஞ்சும் செடிப்பேனான அசுவினி ஏறுவதும் இந்த நாட்களில்தான். மூடாக்கு வானமும் விடிகாலைப் பனியும் சேர்ந்தால் நாலைந்து நாளில் ஒரு கொத்தே அடைந்துபோகும். அதற்குக் காரணம், இந்தப் பூச்சி முட்டை போட்டுப் பொரிக்கக் காத்திருப்பதில்லை. பெண் பூச்சி ஆணில்லாமலே நேராகக் குஞ்சு போடும், அந்தக் குஞ்சு ஒரு வாரம் பத்து நாளில் தானும் போட ஆரம்பித்துவிடும்.

காரைக்குடி, தேவகோட்டை, ஆலங்குடி, எங்கே கேட்டாலும் “கொழுந்து கருகுது, அசுவினிதான்” என்பார்கள். பாதி நேரம் அது அசுவினியாக இருக்காது. கருகுவது, தேயிலைக் கொசு என்று பெயர் வாங்கிய, சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியின் வேலை. அது குத்திய இடத்தில் முதலில் நீர்கோத்த மாதிரி ஒரு புள்ளி விழும், பிறகு அது பழுப்பாகிக் கருக்கும், பிசின் கசியும், கொழுந்து நுனியிலிருந்து காயும். அசுவினி அப்படிப் புண் போடாது. இலை சுருளும், கொத்து வளராமல் குன்றும், கீழிலையைத் தொட்டால் விரல் ஒட்டும். பூங்கொத்துக் காம்பைப் பிடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பாருங்கள். பழுப்பு, செம்பழுப்பு நிறத்தில் கடுகைவிடச் சிறியதாக நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் இரண்டு குட்டிக் குழாய்கள் இருக்கும். முந்திரி அசுவினிக்கு அவை ரொம்பக் கட்டை, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நடுநடுவே வெள்ளைத் தோல்கள் உதிர்ந்து கிடந்தால் சந்தேகமே வேண்டாம், அது சட்டை உரித்த அடையாளம். பஞ்சு மாதிரி வெள்ளையாக அப்பியிருந்தால் அது மாவுப்பூச்சி.

மா, முந்திரி, வேலியில் நிற்கும் ஒதியமரம் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றில் ஏறிய அசுவினிக்கு மற்றதும் சாப்பாடுதான். ஆகவே முந்திரியை மட்டும் சுற்றிப் பார்த்தால் போதாது. ஆனால் கிளைரிசிடியா வேலியிலும் தட்டைப்பயறிலும் அப்பியிருக்கும் பளபளப்பான கறுப்பு அசுவினி வேறு இனம், பயறு வகைக்காரன். அது முந்திரிக்கு வராது. அதைக் கண்டு பதறி வேலிக்கு மருந்தடிப்பவர்கள் கெடுதலைத்தான் தேடிக்கொள்கிறார்கள், ஏனென்றால் அசுவினியைத் தின்னும் பொறிவண்டு பெருகுவதே அங்கேதான். தோட்டத்து ஓரத்தில் ஒரு வரிசை தட்டைப்பயறு விதைத்து வைப்பது அதற்காகத்தான். பக்கத்து நிலத்தில் நிலக்கடலை இருந்தால் மட்டும் இந்த வேலை வேண்டாம், அதே கறுப்பு அசுவினி கடலையில் இறங்கும்.

இனி எறும்பு. அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு வரிசை கட்டி ஏறும். சும்மா நக்கிவிட்டுப் போவதில்லை. பொறிவண்டுப் புழுவைக் கடித்துத் தள்ளும், ஒட்டுண்ணிக் குளவியை அண்டவிடாது. எறும்பு காவலிருக்கும் மரத்தில் எதைத் தெளித்தாலும் அசுவினி திரும்ப வருவது இதனால்தான். தூரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கித்தான் துணியோ பாலித்தீன் தாளோ சுற்றி, மேலும் கீழும் சணலால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் கிரீஸ் பூசுங்கள். பட்டையில் நேராகப் பூசினால் பட்டை வெந்துபோகும். பட்டை மேடுபள்ளமாக இருந்தால் உள்ளே களிமண் அப்பிச் சமப்படுத்துங்கள், இல்லாவிட்டால் சந்து வழியே எறும்பு போய்விடும். நம்மூர்ச் செம்புழுதி பத்து நாளில் கிரீஸ்மேல் படிந்து எறும்புக்குத் தார்ச்சாலை போட்டுக் கொடுத்துவிடும். வாரம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், ஒட்டாவிட்டால் மறுபடி பூச வேண்டும். இதற்கெல்லாம் முன்னால், தரையைத் தொடும் தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிடுங்கள். முந்திரி படர்ந்து தரை தொடும் மரம். ஒரு கிளை மண்ணில் படுத்திருந்தாலும் தூரில் கட்டியது தண்டம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு, அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் காவலிருக்கும்தான், ஆனால் தேயிலைக் கொசுவைப் பிடித்துத் தின்பதும் அதுவே. மகசூலை அதிகம் அழிப்பது கொசுதான். எனவே முசுறுக் கூட்டை எரிப்பதும் அறுத்துப் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. அது மரத்துக்கு மரம் கிளை வழியே போவதால் கிரீஸ் பட்டைக்கும் பெரிதாக அடங்காது. பட்டை கட்டுவது மண்ணிலிருந்து ஏறும் சிற்றெறும்புக்கும் கட்டெறும்புக்கும்.

எறும்பை மறித்தபின், அசுவினியை அழிக்கும் நன்மைப் பூச்சிகள் இருக்கின்றனவா என்று மரத்துக்கு நாலு பக்கமும் கொழுந்துகளைப் பாருங்கள். கறுப்பும் ஆரஞ்சுமாக, குட்டி முதலை போல நடக்கும் புழு பொறிவண்டின் குஞ்சு. காலில்லாமல் வழுவழுப்பாக ஊரும் புழு மலர் ஈயுடையது. உப்பி, பழுப்புத் தாள் மாதிரி விறைத்துப்போன அசுவினி தெரிந்தால் உள்ளே குளவி வளர்கிறது, வட்டமாக ஓட்டை இருந்தால் வெளியேறிவிட்டது. பலரும் ஏமாறும் இடம் ஒன்று: சில சிறு பொறிவண்டு இனங்களின் புழு உடம்பெல்லாம் வெள்ளை மெழுகுக் குச்சியாக இருக்கும், மாவுப்பூச்சி என்று நசுக்கிவிடுவார்கள். தொட்டதும் விறுவிறுவென்று ஓடினால் அது நம் ஆள். மாவுப்பூச்சிக்கு அந்த வேகம் கிடையாது. அநேகக் கூட்டங்களில் இவை இருந்தால் தெளிக்காதீர்கள், நாலு நாள் விட்டுத் திரும்பப் பாருங்கள்.

எதுவும் தென்படவில்லை, அசுவினி ஏறிக்கொண்டே போகிறது என்றால் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம். பறித்து மூன்று மாதமாவது ஆன, எட்டுப் பத்து மாதத்துக்கு மேல் போகாத கொட்டையாக இருக்க வேண்டும். 5 கிலோ பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பால் நிறம் வரும்வரை கலக்கி, இரட்டை மல்துணியில் வடிகட்டி 100 லிட்டராக்குங்கள். 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேருங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காமல் திரிந்து நாசிலை அடைக்கும், காரத் தண்ணீரில் வேம்பின் வீரியமும் சீக்கிரம் போய்விடும். ஊருணித் தண்ணீரோ சேமித்த மழைநீரோ நல்லது.

வேப்பெண்ணெய் என்றால் 3 சதவீதம் என்பார்கள். கொழுந்துக்குச் சரி, பூங்கொத்துக்கு 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். 10 லிட்டர் டேங்குக்கு 100 மில்லி எண்ணெய். முதலில் சோப்புக் கரைசலில் எண்ணெயை ஊற்றி வெள்ளையாகும்வரை குலுக்கி, பிறகு தண்ணீரில் கலக்குங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் கலக்கவில்லை என்று அர்த்தம், அந்த எண்ணெய் விழுந்த இடம் வெயிலில் வெந்துபோகும். ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். தேனீ அடங்கியபின், மாலை 4 மணிக்கு மேல். அசுவினி இலைக்கு அடியில் இருக்கிறது, நாசில் முனை மேல்நோக்க வேண்டும். வளர்ந்த மரம் நனைய 5 முதல் 10 லிட்டர் வரை பிடிக்கும். டேங்க் மிச்சம் பிடிக்கத் தூவானமாகத் தூவுவதைவிடத் தெளிக்காமலே இருக்கலாம். பனி இருக்கும் வாரங்களில், பூச்சியைத் தாக்கிக் கொல்லும் பூஞ்சையான வெர்டிசிலியம் லெக்கானி, லிட்டருக்கு 5 கிராம், சாயங்காலம் அடித்தால் நன்றாகப் பிடிக்கும். பங்குனி வெயிலில் அதற்குச் செலவழிக்காதீர்கள்.

இலை கறுத்துக் கிடப்பது இனிப்பு நீரில் வளர்ந்த கரும்பூசணம். அது இலைக்குள் இறங்காது, ஆனால் வெளிச்சத்தை மறைக்கும். 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறவைத்து, 20 லிட்டராக்கித் தெளித்தால் காய்ந்து தகடாக உரிந்து விழும். நல்ல வெயில் நாளாகப் பார்த்து அடியுங்கள். மூடாக்கு நாளில் பசை காயாமல், பூசணத்துக்கே தீனியாகிவிடும்.