கியூ45-ஆ, எல்எஸ் 400-ஆ?
அமெரிக்கச் சந்தையில் தொண்ணூறுகளின் ஜப்பானியச் சொகுசு செடான் ஒன்றைப் பழைய வண்டியாகத் தேடுவோர் பெரும்பாலும் லெக்சஸ் எல்எஸ் 400, இன்ஃபினிட்டி கியூ45, அக்யூரா லெஜண்ட் ஆகிய மூன்றில்தான் வந்து நிற்கிறார்கள். ஓட்டும் இன்பம் மட்டுமே அளவுகோல் என்றால், 4.5 லிட்டர் வி8 எஞ்சினில் 278 குதிரைத்திறன் தரும் கியூ45-க்கே என் வாக்கு. ஆனால், எஞ்சின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருப்பதால் செலவு குறையும் என்று நம்பி அதை வாங்குபவர், தொடக்க ஆண்டு வண்டிகளில் அச்சங்கிலியை நெறிப்படுத்தும் பிளாஸ்டிக் பட்டைகள் உடைந்து எஞ்சினையே பாழாக்கக்கூடும் என்பதை அறிந்து, அவை மாற்றப்பட்டதற்கான ரசீதை முதலில் கேட்க வேண்டும்.

எல்எஸ் 400-இல் டைமிங் பெல்ட்டை 90,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றாலும், அது முன்கூட்டியே தெரிந்த செலவு. பவர் ஸ்டீயரிங் பம்ப்பிலிருந்து கசியும் எண்ணெய் கீழேயுள்ள, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரில் சொட்டி அதைக் கெடுப்பது இவ்வண்டியின் பேர்போன நோய். பானெட்டைத் திறந்ததும் என் கண் அங்கேதான் போகும்.

வி6 எஞ்சினும் முன்சக்கர இயக்கமும் கொண்ட லெஜண்டில் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் மேல்பகுதிக்கும் சிலிண்டர் பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) சோதித்துக்கொள்ளுங்கள். விலை ஒன்றாக இருந்தால், நான் 1995 மாடலில் புதுவடிவம் பெற்ற எல்எஸ் 400-ஐத்தான் எடுப்பேன்.