பையனின் ஐ-94 மட்டும் ஆகஸ்டில் முடிந்தது

2024 ஜூலை 20, சனிக்கிழமை. டெக்சஸில் நண்பர் ஒருவர் வீட்டில் மதியச் சாப்பாடு. அவருடைய மனைவி அந்த வாரம்தான் டிரைவிங் லைசென்ஸ் புதுப்பித்திருந்தார், கடுப்பில் இருந்தார். "அவருக்கு அடுத்த வருஷம் வரைக்கும் கொடுத்தாங்க, எனக்கு மட்டும் நாலு மாசம். ஏன்னு கேட்டா உங்க ஐ-94 அவ்வளவுதான் இருக்குங்கறாங்க."

எங்களைப் போல வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இங்கே லைசென்ஸ் தேதி ஐ-94 என்ற தங்கும் அனுமதியின் தேதியை ஒட்டித்தான் வரும். அவருடைய பாஸ்போர்ட் நவம்பரில் முடிகிறதாம். கடைசியாக ஊரிலிருந்து திரும்பியபோது விமான நிலையத்தில் அந்தத் தேதி வரைக்கும்தான் அனுமதி போட்டிருக்கிறார்கள். பாயசத்தைக் குடித்துக்கொண்டே "பாஸ்போர்ட்டைப் பாக்காம விட்டா அப்படித்தான்" என்று நான் வேறு பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னேன்.

காரில் வீட்டுக்குத் திரும்பும்போது மனைவிதான் ஆரம்பித்தாள். "ஏங்க, தம்பி பாஸ்போர்ட் எப்ப முடியுது? சின்னப் பசங்களுக்கு அஞ்சு வருஷம்தானே தருவாங்க?"

அவன் 2019இல் பிறந்தவன். கணக்குப் போட எனக்கு நேரமாகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், எல்லையில் ஆட்களைச் சோதித்து உள்ளே விடும் துறையான சிபிபியின் இணையதளத்தைத் திறந்து என் விவரத்தைப் போட்டேன். 2025 செப்டம்பர் 30. சரி. மனைவிக்கும் அதே தேதி. பையனுக்குப் போட்டால் பதிவே இல்லை என்றது. மறுபடி போட்டேன், மறுபடியும் இல்லை. பிறந்த தேதியில் மாதமும் நாளும் மாறிவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை. வியர்த்துவிட்டது. பிறகுதான் விஷயம் புரிந்தது. நம் ஆட்கள் பலர் செய்வதைப் போல அவன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டிருந்தோம். அப்படி விட்டால் அமெரிக்க விசாவில் பையனின் பெயர் குடும்பப் பெயராகிவிடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று விழும், முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். நாங்கள் யோசித்து யோசித்து வைத்த பெயர், அவர்களுக்கு 'தெரியாது'. அந்த மூன்று எழுத்தை முதல் பெயராகப் போட்டதும் பதிவு வந்தது.

2024 ஆகஸ்ட் 11.

இன்னும் 22 நாள். அவன் பாஸ்போர்ட் முடியும் அதே தேதி. ஜனவரியில் நாங்கள் திரும்பி வந்தபோது அதிகாரி குத்திய முத்திரையில் இந்தத் தேதியைப் பேனாவால் தெளிவாக எழுதியே கொடுத்திருந்தார். ஆறு மாதமாக மேசை இழுப்பறையில் கிடந்த பாஸ்போர்ட்டை நாங்கள் யாரும் திறந்து பார்க்கவில்லை. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. விதிப்படி செய்தார்.

"விசா 2025 செப்டம்பர் வரைக்கும் இருக்கேங்க?" என்றாள் மனைவி. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். வருடக்கணக்கில் இந்த நாட்டில் வேலை பார்க்கிற எனக்கே இந்தக் குழப்பம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, வாசலில் வந்து நின்று உள்ளே விடச் சொல்லிக் கேட்பதற்கு. அவ்வளவுதான் அதன் வேலை. உள்ளே விட்ட பிறகு எதுவரை இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94. கம்பெனி எனக்காக வாங்கிய எச்1பி வேலை விசாவுக்கான ஒப்புதல் தாள், ஐ-797, அதில் 2025 என்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தத் தாள் வந்த பிறகு நாட்டை விட்டுப் போய்த் திரும்பினால், திரும்பும்போது போடுகிற ஐ-94தான் கணக்கு. கடைசியாகக் கொடுத்தது எதுவோ அதுவே செல்லும். பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிகிறதென்றால் பாஸ்போர்ட் தேதியோடு வெட்டிவிடுவார்கள். 2013 வரை ஐ-94 வெள்ளை அட்டையாக பாஸ்போர்ட்டிலேயே ஸ்டேபிள் செய்யப்பட்டு வரும், தேதி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். விமானத்தில் வருபவர்களுக்கு இப்போது எல்லாம் கணினியில். நாமே போய்ப் பார்த்தால்தான் உண்டு.

திங்கட்கிழமை காலை கம்பெனி வக்கீலுக்கு மெயில் போட்டேன். கம்பெனி வக்கீல் கம்பெனிக்குத்தான் வக்கீல். குடும்பத்தாரின் மனுவைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. வெளியில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். நல்ல அனுபவமுள்ள அம்மாள். நான் பதறிப் பதறிச் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "ஆகஸ்ட் 12ஆம் தேதி வந்திருந்தால்தான் கஷ்டம், இப்போது இது வெறும் வேலை" என்றார்.

12ஆம் தேதி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சட்டவிரோதத் தங்கல் நாள் கணக்கில் ஏறாது, அதனால் தடை எதுவும் விழாது. ஆனால் அந்தஸ்து போய்விடும், பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவும் செல்லாததாகிவிடும். இங்கேயே இருந்து நீட்டிக்க வேண்டுமென்றால் தாமதத்துக்குக் காரணம் சொல்லிக் கெஞ்ச வேண்டும், ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் விருப்பம். "இதுவே உங்கள் மனைவியாக இருந்து, 180 நாளுக்கு மேல் கவனிக்காமல் இருந்துவிட்டு வெளியே போயிருந்தால் மூன்று வருஷம் திரும்ப முடியாது. ஒரு வருஷம் தாண்டியிருந்தால் பத்து வருஷம்." போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் திரும்பி வந்து கேட்டது ஒரே கேள்விதான். ஆகஸ்டில் பையன் கிண்டர்கார்டன் சேர வேண்டும், பள்ளிக்கூடத்தில் இதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்களா? அதற்கு மட்டும் வக்கீல் சிரித்தார். அரசுப் பள்ளியில் குடியேற்ற அந்தஸ்தை வைத்துப் பிள்ளையை மறுக்க முடியாது, 1982லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, அந்த வழக்கே உங்கள் டெக்சஸிலிருந்து போனதுதான் என்றார்.

எங்கள் முன் இருந்த வழிகள் மூன்று. ஒன்று, விமான நிலையங்களில் இருக்கும் சிபிபி திருத்த அலுவலகத்தில் கேட்டுப் பார்ப்பது. அதிகாரி தவறாகப் பதிந்திருந்தால் அங்கே சரிசெய்துவிடலாம். எங்களுடையது தவறே இல்லை. கேட்டோம், இல்லை என்றார்கள், முடிந்தது. இரண்டு, புதுப் பாஸ்போர்ட் வாங்கி, பையனை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்த் திரும்புவது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோ போகத் தனி விசா வேண்டாம். பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவையும் புதுப் பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் காட்டினால் திரும்பும்போது முழு ஐ-94 கிடைக்கும். மூன்று, இங்கேயே இருந்தபடி, தங்கும் காலத்தை நீட்டிக்கச் சொல்லி ஐ-539 மனு போடுவது. 11ஆம் தேதிக்கு முன்னால் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை பையன் இங்கே இருக்கலாம். தேதி வெட்டுப்பட்டது எனக்கு என்றால் கதையே வேறு. கம்பெனி மூலமாக எச்1பி நீட்டிப்பு, கூடுதல் கட்டணம் கட்டினால் 15 வேலை நாளில் பதில். எங்களைச் சார்ந்து எச்4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த அவசர வரிசை கிடையாது.

இரண்டு, மூன்று இரண்டையும் ஒரே சமயத்தில் ஓட்டுவதென்று முடிவு செய்தோம்.

பாஸ்போர்ட் விண்ணப்பம் ஒரு தனிக் கூத்து. பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியை நோட்டரியிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும். அப்போது வெள்ளைப் பின்னணியில் இரண்டுக்கு இரண்டு அங்குலப் படம் கேட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பிள்ளைக்குக் கைநாட்டு, ஆண் என்றால் இடது கட்டைவிரல். வீட்டில் மைப்பட்டை இல்லை. முத்திரை குத்தும் நீலப் பட்டை ஒன்றைக் கடையில் வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் நியூஸ்பேப்பர் விரித்து உட்கார்ந்தோம். விண்ணப்பத்தில் ரேகை வைக்கும் பெட்டி ஒரு பிஸ்கட்டில் பாதிதான் இருக்கும். முதல் தடவை விரலை அழுத்தும்போது அவன் சிரித்தான், ரேகை கோட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனது. இரண்டாவது தடவை நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், மனைவி விரலை உருட்டினாள், பிறை நிலா மாதிரிப் பாதிதான் விழுந்தது. நாலாவது பிரிண்டில்தான் கோட்டுக்குள் அடங்கிய முழுக் கட்டைவிரல். இதற்குள் அவன் சட்டை, நாற்காலி, ஃப்ரிட்ஜ் கைப்பிடி எல்லாம் நீலம். அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது, இன்னொரு தாள் கேட்டான்.

குடும்பப் பெயரை இந்தச் சாக்கில் சேர்த்துவிடலாமா என்று வக்கீலிடம் கேட்டோம். இப்போது கையை வைக்காதீர்கள் என்றார். விசாவில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மனுவில் ஒரு பெயர் என்று ஆனால் இன்னொரு தலைவலி. எஃப்என்யு அப்படியே இருக்கிறான்.

ஐ-539க்குக் கேட்ட காகிதங்கள் வீட்டிலேயே இருந்தன. பையனின் பாஸ்போர்ட், விசா, ஐ-94 நகல்கள், என் ஐ-797, சம்பளச் சீட்டுகள், கம்பெனிக் கடிதம், அவன் என் பிள்ளைதான் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ். தமிழ்நாட்டுச் சான்றிதழில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருப்பதால் மொழிபெயர்ப்பு வேலை மிச்சம். 14 வயதுக்குள் என்றால் பெற்றோர் கையெழுத்துப் போடலாம். தபாலில் அனுப்பினால் 470 டாலர். பாஸ்போர்ட் புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீதையும் வக்கீல் உள்ளே வைத்தார். ஆகஸ்ட் 1ஆம் தேதி போய்ச் சேர்ந்தது, அடுத்த சில நாளில் ரசீது எண் வந்தது. அன்று ராத்திரிதான் நான் ஒழுங்காகத் தூங்கினேன்.

புதுப் பாஸ்போர்ட் ஆகஸ்ட் 8, வியாழக்கிழமை வந்தது. மூன்று நாள் மிச்சம். மெக்சிகோ டிக்கெட் விலையைப் பார்த்தபடி இரவு ஒரு மணி வரை பேசினோம். அவளுக்குத் திரும்பி வரும்போது கவுன்ட்டரில் ஏதாவது கேட்டு நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்ற பயம். எனக்கு மனுதான் போட்டாகிவிட்டதே என்ற சோம்பல். போகவில்லை. புதுப் பாஸ்போர்ட் நகலை மனுவோடு சேர்க்க அனுப்பிவைத்தோம்.

இன்று கேட்டால் போயிருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். ஒரு வார இறுதியில் முடிந்திருக்க வேண்டியது ஐந்து மாதம் இழுத்தது. மனு நிலுவையில் இருக்கும்போது, ஐ-94 தேதி தாண்டிய பிறகு வெளியே போனால் பழைய விசா செல்லுமா என்ற கேள்வி வரும், முடிவு வரும்வரை பையனை அசைக்காதீர்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அக்டோபரில் ஊரில் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். வாட்ஸ்அப்பில் பார்த்தோம். இங்கே நள்ளிரவு, அங்கே கலசத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், போனைப் பிடித்திருந்த மச்சான் கை ஆட ஆட பாதி நேரம் பந்தல் துணிதான் தெரிந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

2025 ஜனவரி முதல் வாரத்தில் ஒப்புதல் தபாலில் வந்தது, 2025 செப்டம்பர் 30 வரைக்கும். உடனே சிபிபி இணையதளத்தில் எஃப்என்யு போட்டுப் பார்த்தேன். அதே 2024 ஆகஸ்ட் 11! கை நடுங்க வக்கீலுக்குப் போன் போட்டேன். "தாளின் அடியில் கிழித்தெடுக்கிற மாதிரி ஒரு துண்டு இருக்கிறதா? அதுதான் அவனுடைய புது ஐ-94" என்றார். உள்ளே இருப்பவர்களுக்கு நீட்டித்துக் கொடுப்பது யுஎஸ்சிஐஎஸ் என்ற குடியேற்றத் துறை. அந்த இணையதளம் காட்டுவது எல்லையில் சிபிபி கொடுத்ததை மட்டும். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. அடுத்த முறை வெளியே போய் வந்தால் இந்தத் துண்டும் காலாவதி, எல்லையில் போடுவதுதான் பேசும்.

அன்றே மூன்று பாஸ்போர்ட்டையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். என்னுடையது 2031. பையனுடையது 2029. அவளுடையது 2025 டிசம்பரில் முடிகிறது. முடிய ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பிக்கலாம் என்பதால் அந்த வார இறுதியிலேயே விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட உட்கார்ந்தாள். பையன் இழுப்பறையிலிருந்து நீல மைப்பட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு இடது கட்டைவிரலை நீட்டியபடி ஓடி வந்தான்.