பிள்ளை பார்க்கப் போகும் முன்

பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால் முதலில் குழாயடிக்குப் போங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, சோப்பு போட்டு 20 விநாடியாவது தேயுங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது கட்டைவிரலும் நகக்கண்ணும்தான். விரல்நுனிகளைக் குவித்து எதிர் உள்ளங்கையில் தேய்க்க வேண்டும். பிறகு எல்லோரும் துடைத்த ஈரத் துண்டில் துடைத்தால் கழுவியதே வீண்.

சானிடைசரில் ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்கட்டும். கை காயும்வரை தேயுங்கள். வாந்திபேதி தரும் நோரோவைரஸுக்கு அது போதாது, சோப்புதான்.

முத்தம் வேண்டவே வேண்டாம். பெரியவர்களுக்கு உதட்டோரக் கொப்புளத்தோடு போய்விடும் ஹெர்பிஸ் வைரஸ், ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளையின் மூளையையும் ஈரலையும் தாக்கி உயிரையே பறிக்கலாம். கொப்புளம் இல்லாதபோதும் எச்சிலில் அது இருக்கக்கூடும். நமக்கு வெறும் இருமல், பிள்ளைக்குக் கக்குவானாகலாம். இருமினால் பாட்டியே ஆனாலும் பொறுத்துப் போகட்டும்.