பாடக்குறிப்பின் ஓரத்தில் மூன்று வரி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசிரியர்கள் எழுதும் டைரியில் இரண்டு வாக்கியங்கள்தான் மாறி மாறி வரும். ‘இன்று வகுப்பு நன்றாகப் போனது.’ ‘இன்று சொதப்பிவிட்டது.’ எழுதியவரின் மனநிலை அதில் தெரிகிறது. வகுப்பில் என்ன நடந்தது என்று தெரிவதில்லை. பிறகு எதைத் திருத்துவது?

‘பிள்ளைகள் ஒரே கூச்சல்’ என்று எழுதுவதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: ‘10.20க்குக் குழுவாக உட்காரச் சொன்னேன். செயல்தாள் என் மேஜையிலேயே இருந்தது. எல்லாருக்கும் கொடுத்து முடிக்க 4 நிமிடம் ஆனது. சத்தம் அப்போதுதான் கிளம்பியது.’ இதைப் படித்தால் பிள்ளைகளைக் குறை சொல்லத் தோன்றாது. தாள்களைக் குழுவாரியாக முன்பே அடுக்கிவைத்து, குழுவுக்கு ஒருவரை வந்து எடுத்துப்போகச் சொன்னால் அந்த 4 நிமிடம் மிச்சம்.

எழுத வேண்டியது மூன்றே வரி. என்ன நினைத்துப் போனேன், என்ன நடந்தது, அடுத்த முறை எந்த ஒன்றை மாற்றப் போகிறேன். தனி நோட்டு கூட வேண்டாம், பாடக்குறிப்பின் ஓரமே போதும். ஆனால் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்தால் மனசு உறுத்திய ஒரு சம்பவம் மட்டுமே நினைவில் நிற்கும். ‘எந்த ஒன்றை’ என்பதிலும் கறாராக இருங்கள். உட்காரும் இடம், கேள்வி கேட்கும் முறை, பாடத்தின் வேகம் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது பலன் தந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் கேள்வி கேட்பதில் தொடங்கலாம். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடிதான் என்று 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். பள்ளியின் அனுமதியோடு ஒரு பத்து நிமிடப் பாடத்தை போனில் ஒலிப்பதிவு செய்து, விநாடிகளை எண்ணிப் பாருங்கள். முதல் தடவை கேட்கும்போது சொந்தக் குரலே கூச்சமாக இருக்கும். இரண்டாம் தடவைதான் கேள்விகள் காதில் விழும்.

தவறான விடைகள்தான் என் பார்வையில் இன்னும் பெரிய புதையல். வகுப்பு முடிய 3 நிமிடம் இருக்கும்போது துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கணக்கு: 1/2 + 1/3. முப்பது பேரில் பன்னிரண்டு பேர் 2/5 என்று எழுதியிருந்தால் அதைக் கவனக்குறைவு என்று தள்ள முடியாது. தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருக்கிறார்கள், அதுவும் ஒரு விதியைப் பின்பற்றித்தான். பொதுப்பகுதி காணும் முறையை மறுபடி ஒப்பிப்பதில் பயனில்லை. ‘அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், விடை அரையை விடக் குறைந்துவிட்டதே, எப்படி?’ என்று அடுத்த நாள் வகுப்பைத் தொடங்கலாம்.

வேலை செய்யும்போதே யோசித்துத் திருத்துவது, முடிந்தபின் யோசிப்பது என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினார், தொழில் செய்பவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த டொனால்ட் ஷோன் (1983). புதியவர்களுக்கு முதலாவது லேசில் வராது. பாடப்பொருள், நேரம், ஒழுங்கு மூன்றுமே தலையை நிரப்பியிருக்கும். இரண்டாவதைத் தொடர்ந்து செய்துவந்தால் முதலாவது மெல்லக் கைகூடும்.

இந்தக் குறிப்பெழுதும் பழக்கம் கெட்டுப்போகும் வழிகளும் உண்டு. மேலதிகாரி பார்க்கும் குறிப்பில் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். பாடக்குறிப்பு மேலே போகும் பள்ளியென்றால் மட்டும் தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘எனக்குக் கற்பிக்கவே வராது’ என்று எழுதுவதும் வீண்தான், அந்த வரியிலிருந்து நாளைக்குச் செய்ய எதுவும் கிடைக்காது. சக ஆசிரியரைக் கூப்பிட்டு ‘என் வகுப்பு எப்படி?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்பார், அவ்வளவுதான். இருக்கை வரைபடத்தைக் கையில் கொடுத்து, ‘நான் யாரிடம் கேள்வி கேட்கிறேனோ அந்த இடத்தில் கோடு போடுங்கள்’ என்று 15 நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். முன்வரிசையில் கோடுகள் குவிந்து, ஓரங்கள் காலியாக இருந்தால் பேச்சே தேவையில்லை.

மாதக் கடைசியில் எல்லாக் குறிப்பையும் ஒரே மூச்சில் படியுங்கள். இருபதில் ஏழு இடத்தில் ‘நேரம் போதவில்லை’ என்று இருந்தால், 5 நிமிடம் என்று திட்டமிட்ட அறிமுகம் உண்மையில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று அடுத்த வாரம் கடிகாரம் வைத்துப் பாருங்கள்.