மின்வெட்டும் சேமிக்காத பக்கங்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எங்கள் கோயிலின் ஆண்டு மலரைத் தட்டச்சு செய்து தரும் வேலை என்னுடையது. 1860இல் சென்னையிலிருந்து டுரூரோ கப்பலில் வந்திறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றிய கட்டுரை முதல் காவடித் திருவிழாப் படங்கள் வரை அனைத்தையும் ஒரே வேர்டு கோப்பில் திணிப்பதே குழுவினரின் வழக்கம். ஸ்கேன் செய்த படங்கள் ஏற ஏறக் கோப்பு பருத்து, நினைவகம் போதாதென்று வேர்டு முறையிடத் தொடங்கும். வேர்டின் 32 பிட் பதிப்பாக இருந்தால், கணினியில் 16 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்) இருந்தும் 4 ஜிபிக்கு மேல் அதனால் பயன்படுத்த இயலாது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மின்வெட்டு வேறு வகைத் தொல்லை. நாம் தட்டும் எழுத்துகள் முதலில் ராமில்தான் நிற்கின்றன. மின்சாரம் போன கணத்தில் ராம் வெறுமையாகிவிடும். போன தையில் பந்தல் செலவுக் கணக்குப் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தபோதே திரை இருண்டது. மின்சாரம் வந்தபின் வேர்டைத் திறந்தால், இடப்பக்கம் மீட்புப் பட்டியலில் ஒரு பிரதி இருந்தது. கடைசிப் பத்தி மட்டும் இல்லை. இப்பிரதிகளை எடுக்கும் ஆட்டோரெகவர் வசதி இயல்பாக 10 நிமிடங்களுக்கு ஒருமுறைதான் பிரதி எடுக்கிறது. அமைப்புகளில் சேமிப்புப் பகுதிக்குச் சென்று அதை 1 நிமிடமாகக் குறைக்கலாம். கோப்பைத் தானாகவே சேமிக்கும் ஆட்டோசேவ் என்பது வேறு. கோப்பு ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் இருந்தால் மட்டுமே அது இயங்கும். என்னைக் கேட்டால், இரண்டையும் விடக் கன்ட்ரோல் எஸ் அழுத்தும் விரலையே நம்புவேன். இம்முறை படங்களைச் சுருக்கி, கட்டுரைக்கு ஒரு கோப்பாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.