கடற்பாசிக் கரைசல்: கெடாமல் வைத்திருப்பதும் அளவறிந்து ஊற்றுவதும்

கடற்பாசியை வெல்லத்தோடு புளிக்கவைத்து, வடிகட்டிச் செடிகளுக்குக் கொடுக்கும் நீர்மமே கடற்பாசிக் கரைசல். மாடித்தோட்டக்காரர்கள் கூடுமிடங்களில் அதைத் தயாரிக்கும் முறையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஆனால் வடிகட்டிய பிறகு அதை எதில், எப்படி வைத்திருப்பது, செடிக்கு எவ்வளவு கொடுப்பது என்பவற்றைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நல்ல பாசியில் பக்குவமாகத் தயாரித்த கரைசலும் இந்த இரண்டில் கவனம் குறைந்தால் வீணாகிவிடும் என்பதால், நான் கடைப்பிடிக்கும் முறையை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பாசியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாவில் இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. அங்கே பாறையிலும் பவளத்திட்டிலும் வளரும் பாசியைப் பறிக்கக் கூடாது. மண்டபம், பாம்பன் பகுதிகளில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு அதுவே பிழைப்பு என்பதையும் நாம் மறக்கலாகாது. நமக்குத் தேவையான அளவு, கடல் கொந்தளித்து ஓய்ந்த பிறகு கரையில் தானாகவே ஒதுங்கிக் கிடக்கும். பழுப்பு நிறத்தில், மிளகளவு காற்றுப்பைகள் கிளையெங்கும் ஒட்டியிருந்தால் அது கட்டக்கோரை; கரைசலுக்கு நான் விரும்பி எடுப்பது அதைத்தான். நாடாபோல் நீண்ட இலையும் வேரும் இருந்தால் அது கடற்புல். அது பாசியே அன்று, அதை விட்டுவிட வேண்டும். மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ், அதாவது உள்ளூரில் பெப்சிப் பாசி என்று சொல்லப்படுவது, வளர்ப்பவர்களிடம் விலைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது.

கொண்டுவந்த பாசியை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, மணலையும் மேலுப்பையும் நீக்கினால் போதும். இரவு முழுவதும் ஊறவிட்டால் உப்போடு சேர்ந்து சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) தண்ணீரில் இறங்கிவிடும். பொடியாக நறுக்கிய ஒரு கிலோ பாசிக்கு 200 கிராம் வெல்லமும் ஐந்து லிட்டர் மழைநீரோ கிணற்றுநீரோ சேர்த்து, பிளாஸ்டிக் டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் நிரம்பாமல் ஊற்றி, நிழலில் வைத்துத் தினமும் கிளறிவிட்டால், நம் வெயிலுக்கு மூன்று நான்கு வாரங்களில் புளித்த வாடை நிலைத்து, நுரை அடங்கிவிடும்.

இனி சேமிப்பு. கரைசலை முதலில் கொசுவலையிலும் பிறகு பழைய வேட்டித் துணியிலுமாக இரண்டு முறை வடிகட்ட வேண்டும், ஏனெனில் பழுப்புப் பாசியிலுள்ள ஆல்ஜினேட் என்ற வழவழப்பான பொருள் துணுக்குகளோடு சேர்ந்து கைத்தெளிப்பானின் முனையை அடைத்துவிடும். அடியில் தங்கும் துணுக்குகளே பிறகு அழுகலைத் தொடங்கியும் வைக்கும். கேன் வெளிச்சம் புகாததாக இருக்க வேண்டும். பாசியில் சிறிதளவே உள்ள வளர்ச்சி ஊக்கிகள் வெளிச்சத்திலும் சூட்டிலும் சிதையக்கூடியவை. இரும்பு வாளியோ துத்தநாகம் பூசிய தகரமோ உதவாது. புளிப்பும் உப்பும் சேர்ந்து உலோகத்தை அரித்து, அது கரைசலில் கலந்துவிடும். வடிகட்டிய பிறகும் நுண்ணுயிர்கள் உள்ளே வேலை செய்துகொண்டிருப்பதால், முதல் இரண்டு வாரங்களுக்கு மூடியைத் தளர்த்தியே வைக்க வேண்டும். இறுக மூடினால் கேன் உப்பி வெடிக்கும். வாயு வருவது நின்ற பிறகு, காற்றிடம் குறைவாக இருக்கும்படி சிறிய புட்டிகளில் கழுத்துவரை நிரப்பி, தேதி எழுதிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் மூன்று மாதம்வரை நம்பிப் பயன்படுத்தலாம். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது என்பதையும், குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கவே கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன்.

கெட்டதா இல்லையா என்பதை மூக்கே சொல்லிவிடும். புளித்த மோரின் வாடையும் கடலின் வாடையும் கலந்து வந்தால் கரைசல் நலமாக இருக்கிறது. மேலே மெல்லிய வெள்ளை ஆடை படிந்திருந்தாலும் எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு. பாசியில் கந்தகச் சேர்மங்கள் மிகுதி என்பதால், காற்றில்லாமல் அழுகும்போது இந்த நச்சு வாயு உண்டாகிறது. அத்தகைய கேனை வீட்டுக்குள் திறக்காமல், வெட்டவெளியில் சற்று விலகி நின்று திறந்து, மக்குக்குழியில் காய்ந்த சருகோடு சேர்த்துவிடுவதே சரி. பச்சை அல்லது கருப்புப் பூஞ்சை பிடித்ததற்கும் அதுவே வழி.

தண்ணீர் கலந்த கரைசலைச் சேமிக்கவே கூடாது. அன்று கலந்ததை அன்றே முடித்துவிட வேண்டும். வேருக்கு ஊற்ற ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீரும், இலையில் தெளிக்க லிட்டருக்கு பத்து மில்லியும் என் அளவு. நாற்றுகளுக்கு இதில் பாதி. பதினைந்து நாளுக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். மண் ஈரமாக இருக்கும்போது ஊற்றுவதும், வெயில் ஏறுமுன் அல்லது மாலையில் தெளிப்பதும் நல்லது. கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் இலைவழித் தெளிப்பை நான் தவிர்த்துவிடுகிறேன். வீட்டில் புளிக்கவைத்த எதுவும் கிருமி நீக்கப்பட்டதன்று.

தொட்டிச் செடிகளில் உப்பைத்தான் கண்காணிக்க வேண்டும். தென்னைநார்க் கழிவைச் சரியாக அலசாமல் போட்டிருந்தால் அதிலேயே உப்பு இருக்கும். அதோடு கரைசலின் உப்பும் சேரும். தொட்டியின் விளிம்பில் வெண்படிவமும் இலையோரக் கருகலும் தெரிந்தால் கரைசலை நிறுத்தி, அடியில் வழியும்வரை நல்ல தண்ணீர் விட வேண்டும். பீன்ஸ், வெங்காயம், கேரட் ஆகியவை உப்பைத் தாங்காதவை, பீட்ரூட் தாங்கும். வீட்டில் தண்ணீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் கலந்த நீரை அளந்து பார்த்துவிட்டே ஊற்றலாம்.

இது முழு உரமாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாம்பல் சத்தும் நுண்சத்துகளும் உண்டு. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மிகக் குறைவு. அடியிலை மஞ்சளாகும் செடிக்கு இதை எத்தனை முறை ஊற்றினாலும் பச்சை திரும்பாது. அதற்குத் தொழுவுரமும் பிண்ணாக்கும் வேண்டும். நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையும் 2021 முதல் கடற்பாசிச் சாற்றை உயிரூக்கிகளின், அதாவது உரமாக அன்றிச் செடியின் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களின், வரிசையிலேயே வைத்திருக்கிறது. கட்டக்கோரை இனப் பாசிகள் கடல்நீரிலுள்ள ஆர்சனிக்கை உறிஞ்சித் தேக்கக்கூடியவை என்பதும் அளவோடு நிறுத்திக்கொள்ள ஒரு காரணம். அதனால் வடிகட்டியபின் எஞ்சும் சக்கையைக் கீரைப்பாத்தியில் போடாமல், மழையில் சில நாள் நனையவிட்டுத் தென்னை அடியில் பரப்பிவிடுகிறேன்.